பொருந்தாச் சான்றும் புதிய வினாவும்: புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தை முன்வைத்து மாணவர் ஆய்வுப் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ளது புக்கிட் பெலண்டோக். மலாய்மொழியில் புக்கிட் என்பது குன்றினையும் பெலண்டோக் என்பது சருகுமானையும் குறிக்கும். 1999ஆம் ஆண்டுக்கு முன்னர் அவ்வட்டாரத்திற்கு வெளியே இவ்வூரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. சீனர்களின் பன்றிப் பண்ணைகளும், அவற்றை அடுத்து முதலில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் பயிரான தோட்டங்களும் அங்கே இருந்தன. அத்தோட்டங்களின் லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்தனர்.

இந்திய ஆய்வியல் பயிலும் மாணவர்களை இவ்வட்டாரத் தோட்டங்களுக்குக் களப்பணிக்காக நாம் அழைத்துச் சென்று வருகிறோம். 'ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி?' என்று அவர்கள் வகுப்பறையில் கேட்கும் வினாவிற்கு வழிகாட்டி நூல்கள் பல விடை தருகின்றன. தலைப்பைச் சுருக்குதல், இயல் பிரித்தல், மேற்கோள் காட்டுதல், நூற்பட்டியல் அமைத்தல் ஆகியவற்றை அந்நூல்களிலிருந்து கற்றுக்கொள்ளலாம். எனினும் இவற்றையெல்லாம் பிழையறக் கற்ற மாணவரும் ஆய்வு செய்யாமலேயே ஓர் ஆய்வேட்டினை முடித்துவிட இயலும் என்பதே நம் பட்டறிவு. நூல்கள் கூறுவதோடு ஏதேனும் ஒரு சான்று பொருந்தாமல் நிற்பதைக் கண்டு, அதனை விட்டு விலகாமல் அதன்முன் நின்று வினவும்போதே மாணவர் ஆய்வாளராகிறார். இக்கருத்தினை நம் நாட்டுப் பல்கலைக்கழக மரபைக் கொண்டும், நெகிரி செம்பிலானில் நிகழ்ந்த இரு ஆராய்ச்சிகளைக் கொண்டும், தோட்டக் களப்பணியைக் கொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வேட்டுப் பயிற்சியின் தொடக்கம்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோற்றுவிக்கப்பட்டது. சிறப்புப் பட்ட வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் முதன்மைச் சான்றுகளைக் கொண்டு ஓர் ஆய்வேடு எழுதவேண்டும் என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பிற்காலத்தில் இதுவே மலாய்மொழியில் 'லத்தேஹான் இல்மியா' எனப் பெயர் பெற்றது. இப்பயிற்சி வெறும் சடங்காக இருக்கவில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதுமானது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற வரலாற்றறிஞர் வாங் குங்வூ, 1953இல் தம் சிறப்புப் பட்ட ஆய்வேட்டினை நீரிணைக் குடியேற்றங்களில் வாழ்ந்த சீனச் சீர்திருத்தக்காரர்கள், புரட்சியாளர்கள் ஆகியோரைப் பற்றி எழுதினார். ஆங்கில அரசு ஆவணங்கள் சீனரை ஆளப்படுவோராக மட்டுமே காட்டிய காலத்தில், சீனர்களின் அரசியல் சிந்தனையை ஓர் இளங்கலை மாணவர் ஆய்வுப் பொருளாக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கோலாலம்பூரில் நிலைபெற்றது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். 1952 முதல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழை நடத்திய அவருக்கு, ஆய்வு என்பது உலகத்தார் சோதித்துப் பார்க்கத்தக்க வகையில் சான்று காட்டி எழுதப்படுவது என்பதில் ஐயமே இருந்ததில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டினை நாம் விழாவாகவே நினைவுகூர்கிறோம். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான நோக்கீட்டு வழிகாட்டி ஒன்றையும் அடிகளார் தொகுத்து வெளியிட்டார் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. 1969இல் இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியலைத் 'தமிழ் மலேசியானா' என்னும் பெயரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வழி வெளியிட்டார். பட்டியல் தொகுப்போரைப் பாராட்டி மேடைகள் அமைவதில்லை. ஆனால் ஒரு துறையில் முன்னர் என்னென்ன எழுதப்பட்டன என்பதை அறியாமல் புதிதாக எதையும் கூற இயலாது என்னும் முதற் பாடத்தை அப்பட்டியல்களே கற்பித்தன.

இதே காலப்பகுதியில் மலாயா இந்தியரைப் பற்றிய அடிப்படை நூல்களும் எழுந்தன. கெர்னியல் சிங் சந்துவின் நூல் 1969இலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இலும் வெளிவந்தன. இரவீந்திர ஜெயின் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் தங்கிச் செய்த மானிடவியல் ஆய்வும் 1970இல் நூலாயிற்று. தாம் வாழ்ந்த தோட்டத்திற்கும் அதன் மக்களுக்கும் தீங்கு நேராதிருக்க, 'பால் மெலாயு' என்னும் புனைபெயரால் அத்தோட்டத்தை அவர் குறித்தார். இம்மூன்று நூல்களும் இன்றும் நம் மாணவர்களின் நூற்பட்டியலில் முதலிடம் பெறுகின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

தொகுப்பும் ஆய்வும்

போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டம் ஒன்றைப் பற்றி எழுதப்படும் மாணவர் ஏட்டின் முதல் இயல் எவ்வாறு தொடங்கும் என்பதை ஏட்டினைத் திறவாமலே நம்மால் கூறிவிட முடியும். இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு முதலில் வரும். 1786இல் பினாங்கு நிறுவப்பட்டதும், ஒப்பந்தக் கூலிமுறையும், அது 1910இல் முடிவுற்றதும், கங்காணி முறையும், 1938இல் இந்திய அரசு விதித்த தடையும் அடுத்தடுத்து வரும். இவை யாவும் உண்மையே. ஆயின் நாற்பது பக்கங்கள் கடந்த பின்னரே ஆய்வுக்குரிய தோட்டம் தலைகாட்டும். அதன் பரப்பு, மக்கள்தொகை, கோயில், பள்ளி ஆகியன பத்துப் பக்கங்களில் கூறப்பட்டதும் முடிவுரை வந்துவிடும். அத்தோட்டத்தின் பெயரை நீக்கிவிட்டு வேறொரு தோட்டத்தின் பெயரை இட்டாலும் ஏட்டில் எதுவும் மாறாது.

இதற்கு மாணவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. இத்தகைய ஏடுகளைத் தேர்வாளராக இருந்து படித்து, 'நன்கு தொகுக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பெழுதி நாமே மதிப்பெண் வழங்கியிருக்கிறோம். பக்க அளவும் அடிக்குறிப்பு எண்ணிக்கையும் நம் கண்ணை நிறைத்தன. மாணவர் எதனைக் கண்டறிந்தார் என்னும் கேள்வியை நாம் கேட்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு மாணவர் விடை தேடமாட்டார்.

பிறர் கருத்தை எவ்வாறு கையாள்வது என்பது மேலைநாட்டு ஆய்வுமுறை வந்து நமக்குக் கற்பித்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலாசிரியன் கொள்ளத்தக்க ஏழு வகை நிலைப்பாடுகளைத் தம் பாயிரத்தில் 'மதம்' என்னும் பெயரால் தொகுத்துரைக்கிறார். பிறர் கொள்கையை ஏற்றல், மறுத்தல், ஏற்பதுபோற் கொண்டு பின் களைதல், தன் கருத்தைத் தானே நிறுவுதல், இருவர் முரண்படுமிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டல், பிறவற்றோடு கலவாது தன் கொள்கையைக் கொள்ளல் என்பன அவை. முன்னாய்வுகளை மீள்நோக்கும் இயலில் மாணவர் செய்யவேண்டியவற்றை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. நம் மாணவர் ஏடுகளிலோ இவ்வேழனுள் முதலாவது மட்டுமே காணப்படுகிறது. சந்து கூறியதையும் அரசரத்தினம் கூறியதையும் உடன்பட்டு எழுதுவதோடு பணி முடிந்துவிடுகிறது.

மறுப்பதற்கும் துணிவதற்கும் வேண்டிய துணிச்சல் எங்கிருந்து வரும்? மாணவரின் அறிவுக்கூர்மையைவிடச் சான்றே அதனை அளிக்கும் என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக நெகிரி செம்பிலான் மண்ணிலேயே இரு நிகழ்வுகள் உள்ளன. இரண்டும் மருத்துவத் துறையைச் சார்ந்தவை. எனினும் அவை கற்பிக்கும் முறை வரலாற்று மாணவருக்கும் உரியதே.

முதற் பாடம்: புழுங்கல் அரிசி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பெரிபெரி நோய் பெருந்தொகையினரைக் கொன்றது. கால்கள் மரத்தும் வீங்கியும், இதயம் நலிந்தும் இறந்தோரில் சீனத் தொழிலாளர்களே மிகுதி. இந்நோய் தொற்றுநோய் எனவும், ஈரநிலத்திலிருந்து எழுவது எனவும், நெரிசலான இருப்பிடத்தால் வருவது எனவும் பலவாறு கருதப்பட்டது.

அக்காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன், இக்கருத்துகளோடு பொருந்தாத ஒன்றைக் கண்டார். அதே நாட்டில், அதே தட்பவெப்பத்தில், பெரும்பாலும் அதனினும் சிறந்ததெனக் கூற முடியாத கூரைகளின்கீழ் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களை இந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. இடமும் காற்றும் காரணமாயின் தமிழர் மட்டும் தப்புவானேன்? அவர் வேறுபாட்டை அடுக்களையில் கண்டார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்து உலர்த்திக் குற்றிய புழுங்கல் அரிசி. இக்கருத்தினை விரித்து அவர் 1907இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

அவரது கண்டுபிடிப்பில் நம் மாணவர் கருதத்தக்க மற்றொரு கூறும் உண்டு. பிராடன் கண்ட வேறுபாடு சரியானது. ஆனால் அதற்கு அவர் கூறிய விளக்கம் தவறானது. பழைய பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு தோன்றுகிறது என்றே அவர் எண்ணினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் இதனைச் சோதிக்க முற்பட்டு, நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் என்னுமிடத்தில் சாலைப் பணியிலிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு வெள்ளை அரிசியும் மற்றொன்றிற்குப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. வெள்ளை அரிசி உண்டோரிடமே நோய் தோன்றியது. அரிசி நஞ்சுடையதன்று, தீட்டும்போது தவிட்டோடு இன்றியமையாத ஒரு பொருள் நீங்கிவிடுகிறது என்பது அவர்களின் தொடர்ந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. பின்னாளில் அப்பொருள் உயிர்ச்சத்து பி1 எனப்பட்டது.

இதிலிருந்து மாணவர் இரண்டினைக் கற்கலாம். பொருந்தாத சான்று வினாவினைத் தருமேயன்றி விடையைத் தந்துவிடாது. விடையைத் தனியே சோதித்தாக வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று ஆய்வு அறம் பற்றியது. அந்த ஜாவானியத் தொழிலாளர்கள் இன்று நாம் கருதும் பொருளில் இசைவு அளித்தவர்கள் அல்லர். யாருடைய உடல்கொண்டு இவ்வறிவு பெறப்பட்டதோ, யாருடைய சோற்றுத் தட்டு முதற் குறிப்பினைத் தந்ததோ, அவர்கள் அறிக்கைகளில் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர். களத்திற்குச் செல்லும் நம் மாணவர் இதனை மறத்தலாகாது.

இரண்டாம் பாடம்: 1999ஆம் ஆண்டு

1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுக்களால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி நோயே அது என முடிவு செய்யப்பட்டது. நோயாளர் சிலரிடம் அதற்கான சான்றும் கிடைத்தது. எனவே கொசு மருந்துப் புகை அடித்தலும் தடுப்பூசி போடுதலும் நடைபெற்றன. பண்ணையாளர் பன்றிகளை வேறு இடங்களுக்கு விற்றனர். நோயும் அவற்றோடு நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்தது. 1999இன் தொடக்கத்தில் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிலும், பின்னர் மிகப் பெரிய அளவில் புக்கிட் பெலண்டோக்கிலும் அது பரவியது.

மேற்கூறிய முடிவோடு பொருந்தாதவை பல இருந்தன. ஜப்பானிய மூளையழற்சி வழக்கமாகக் குழந்தைகளையே மிகுதியாகத் தாக்கும். இங்கு வீழ்ந்தோரோ நடுவயது ஆடவர். கொசு ஆளறிந்து கடிப்பதில்லை. ஆயினும் பன்றிகளைத் தொட்டுப் பணிசெய்தவர்களே பெரிதும் நோயுற்றனர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பன்றிகளும் நோயுற்றன. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை காணப்பட்ட 94 நோயாளர்களைப் பற்றிய ஆய்வு மறு ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் பன்றிகளோடு நேரடித் தொடர்பு உடையவர்கள். 30 பேர் இறந்துபோயினர்.

1999 மார்ச்சில், அப்பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த சுவா காவ் பிங், நோயாளரின் மூளைத்தண்டு நீரிலிருந்து ஒரு நச்சுயிரியை வளர்த்தெடுத்தார். அதனால் தாக்கப்பட்ட உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்துக் காணப்பட்டன. இஃது எதிர்பார்க்கப்பட்ட கிருமியின் இயல்பன்று. மாதிரியுடன் அவர் அமெரிக்க ஆய்வகத்திற்குச் சென்று சோதித்தபோது, 1994இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா நச்சுயிரிக்கு உறவான, அதுவரை உலகம் அறியாத ஒன்று அது எனத் தெரியவந்தது. புக்கிட் பெலண்டோக்கை ஒட்டிய சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப் பெயர் பெற்றது. அதன்பின் கொசுவைவிட்டுப் பன்றியின்மேல் கவனம் திரும்பியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பின்னரே நோய் அடங்கியது.

இந்நிகழ்வை மாணவர்க்கு எடுத்துரைக்கையில், புதிய கிருமியைக் கண்டவரின் திறமையைப் புகழ்வதோடு நாம் நின்றுவிடுவதில்லை. பொருந்தாத சான்றுகள் மாதக்கணக்கில் எல்லார் கண்முன்னும் இருந்தன. அவற்றைப் பண்ணையாளர்களே எடுத்துக் கூறினர். முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டதால் அவை விதிவிலக்குகளாக ஒதுக்கப்பட்டன. தொகுத்தலை ஆய்வு எனக் கொள்வதன் விலை, வகுப்பறையில் சில மதிப்பெண்களாக இருக்கலாம். 1999இல் அவ்விலை மனித உயிர்களாக இருந்தது.

எண்களைக் கையாளும் பாடத்தையும் இந்நிகழ்வு தருகிறது. ஒரு கட்டுரையில் நோயுற்றோர் 265, இறந்தோர் 105 என்றும், வேறொன்றில் 276, 106 என்றும், மற்றொன்றில் 283, 109 என்றும் காணப்படுகின்றன. மாணவர் பெரும்பாலும் தமக்கு முதலில் கிடைத்ததை எழுதிவிடுவர். 276 என்பது மலேசியாவின் 265 பேரோடு, இங்கிருந்து அனுப்பப்பட்ட பன்றிகளால் சிங்கப்பூரில் நோயுற்ற இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேரையும் சேர்த்த தொகை. அங்கு இறந்தவர் ஒருவர். 283 என்பதோ வேறு வரையறைப்படி கணக்கிடப்பட்டது. எண் முரண்படுமிடத்தில் எது சரி என்று கேட்பதற்கு முன், யாரை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய தொழிலாளர் துறை அறிக்கைகளைப் படிப்பதற்கும் இவ்வினாவே திறவுகோலாகும்.

இவ்வளவு எழுதப்பட்ட பின்னும் எழுதப்படாதது ஒன்றுண்டு. நோயுற்றோருள் பெரும்பாலோர் சீனப் பண்ணையாளர். அவர்களிடம் கூலிவேலை செய்த இந்தியரும் அவர்களுள் இருந்தனர். தோட்டத்து மக்கள் பண்ணைவேலைக்குச் சென்றது ஏன்? தோட்ட வருமானம் போதாமையாலா, மரம் வெட்டி முடித்த பிற்பகலின் மிகைவேலையாகவா, தோட்டவேலையே குறைந்துவிட்டதாலா? நோய்க்காலத்தில் லயங்களில் என்ன நிகழ்ந்தது? மருத்துவக் கட்டுரைகள் இவற்றைக் கேட்கவில்லை. கேட்பது அவற்றின் வேலையும் அன்று. இது வரலாற்று மாணவருக்காகக் காத்திருக்கும் வினா.

தோட்டத்துள் சான்று தேடல்

தோட்ட வரலாற்றை எழுதும் மாணவர் மூன்று மொழிகளில் வாழ்கிறார். ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பாட்டி தமிழில் பேசுகிறார். ஏடு பல வேளைகளில் மலாயில் எழுதப்படுகிறது. மொழிமாற்றத்தின்போது கைநழுவிப் போவது எது என்பதை அறிவதே பயிற்சியின் பெரும்பகுதி. அதிகாலைப் 'பெரட்டு' என்பதை ஆள்கணக்கெடுப்பு என்று மட்டும் எழுதினால், இருட்டில் வரிசையில் நின்று கிராணி பெயர் படிக்கக் கேட்ட அச்சம் மறைந்துவிடும். 'ஆயாக்கொட்டகை' என்பதைக் குழந்தைகள் காப்பகம் எனப் பெயர்த்தால், பால்வெட்டும் தாய் விடியுமுன் கைக்குழந்தையை விட்டுச்சென்ற தகரக்கூரை தெரியாது. ஆதலின் தோட்டச் சொல்லை அவ்வாறே பதிவுசெய்து, கூறியவரின் விளக்கத்தையும் உடன் எழுதுமாறு மாணவரைப் பணிக்கிறோம்.

ஆவணங்களின் நிலையும் அறியத்தக்கது. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட காலத்தில், இலண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற நாட்டு அலுவலகக் கோப்புகளைப் பல மாதங்கள் புரட்டினோம். இறப்பு வீதம், கூலி வீதம், கப்பலில் வந்தோர் தொகை என யாவும் கிடைத்தன. ஆனால் தமிழ்த் தொழிலாளர் ஒருவரின் பெயரைக் காண்பது அரிதாயிருந்தது. பெயர் வந்த இடங்களில் அவர் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவராகவோ இறந்தவராகவோ இருந்தார். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் நெகிரி செம்பிலான் மாநிலச் செயலகக் கோப்புகளும், 1920களின் நடுப்பகுதியிலிருந்து வெளிவந்த இந்திய அரசு முகவரின் ஆண்டறிக்கைகளும் நமக்கு இன்றியமையாதவை. எனினும் அவற்றை எழுதியவர்கள் தோட்டத்தைப் பார்வையிட வந்தவர்களே.

வாழ்ந்தவர்களின் நினைவே மற்றொரு சான்று. அதனையும் சோதித்தே ஏற்றல் வேண்டும். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த மாணவி ஒருவர் தம் பாட்டியைப் பேட்டி கண்டார். "கங்காணியோட கப்பல்ல வந்தோம். சப்பான்காரன் வந்ததுக்கு முந்தின வருசம்" என்றார் பாட்டி. மாணவி அதனை 1941 எனக் கணக்கிட்டு எழுதிவந்தார். ஆனால் தோட்டக் கூலிகளை உதவித்தொகை கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு 1938 ஜூனில் தடைசெய்துவிட்டது என்று அவரே தம் முதல் இயலில் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே ஏட்டில், இருபது பக்க இடைவெளியில், ஒன்றையொன்று பாராமல் கிடந்தன.

இதனைச் சுட்டியதும், பாட்டியின் கூற்றை நீக்கிவிடலாமா என்று அம்மாணவி கேட்டார். நீக்க வேண்டாம், மீண்டும் சென்று வேறுவிதமாகக் கேளுங்கள் என்றோம். ஆண்டினைக் கேட்காமல் வாழ்க்கையைக் கேட்குமாறு அறிவுறுத்தினோம். சப்பான்காரன் வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்ததாகவும், வாத்தியார் வராமற்போனதால் படிப்பு அத்தோடு நின்றதாகவும் பாட்டி கூறினார். ஜப்பானியர் நெகிரி செம்பிலானை அடைந்தது 1942 ஜனவரியில். 1941இல் மூன்றாம் வகுப்பு எனில் 1939இல் முதல் வகுப்பு. ஆகவே தடைக்கு முன்னரே அவர் வந்திருத்தல் கூடும். முந்தின வருசம் என்றது நாட்காட்டி ஆண்டையன்று. போருக்கு முந்தைய வாழ்வு முழுவதையும் அவர் ஓர் ஆண்டாகச் சுருக்கி நினைவில் வைத்திருந்தார். போரும், சயாம் இரயில்பாதைக்கு ஆள்பிடித்துச் சென்றதும் அதற்கு முந்தைய காலத்தை அவ்வாறு சுருக்கிவிட்டன.

அம்மாணவியின் ஏட்டில் மிகச் சிறந்த பகுதி இதுவே. தோட்ட மக்கள் காலத்தை எவ்வாறு எண்ணினர் என்னும் புதிய இயல் ஒன்று இதனால் பிறந்தது. சப்பான் காலம், அவசரகாலம், தோட்டத் துண்டாடல், 1969இல் வேலை பெர்மிட்டு கேட்ட காலம் என அவர்களுக்கென ஒரு காலவரிசை இருப்பதை அவர் பதிவுசெய்தார். ஆவணம் பாட்டியைத் திருத்தியது. பாட்டியின் சொல், ஆவணத்தில் இல்லாத ஒன்றைத் தந்தது. ஒன்றையொன்று வெல்ல விடாமல் இரண்டையும் எதிரெதிரே அமர்த்தியதே மாணவியின் ஆய்வு.

எழுதும் முறை பற்றிச் சில

இவ்வனுபவங்களின் அடிப்படையில் வகுப்பில் நாம் சில நடைமுறைகளை மேற்கொண்டுள்ளோம். முதலாவதாக, முதல் இயலை இறுதியில் எழுதச் சொல்கிறோம். தோட்டத்தில் கண்டதை எழுதிய பின்னர், அதனை விளக்கப் பொது வரலாற்றில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே முன்னால் வருதல் போதும். கடாரம் தேவைப்படாத ஏட்டில் கடாரம் வேண்டுவதில்லை. இரண்டாவதாக, களக்குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் கேட்டதையும் கண்டதையும், இடப்பக்கத்தில் நூலோடு அது பொருந்தாத இடங்களையும் எழுத வேண்டும். இடப்பக்கம் வெறுமையாக இருப்பின் மாணவர் இன்னும் களத்தைப் பார்க்கவில்லை என்பது பொருள். மூன்றாவதாக, பேட்டி தருவோரிடம் நோக்கத்தை விளக்கி இசைவு பெற வேண்டும். அவர் விரும்பினாலன்றிப் பெயரை வெளியிடலாகாது. எழுதி முடித்ததை அவருக்குப் படித்துக் காட்டவும் வேண்டும். நான்காவதாக, அடிக்குறிப்பு என்பது கற்றதைக் காட்டும் அணிகலன் அன்று. ஐயுறும் வாசகர் நம் சான்றிடம் தாமே செல்லுவதற்கான வழித்தடம் என்பதை உணர்த்துகிறோம்.

தொகுத்துத் தருதல் இன்று முன்னெப்போதினும் எளிதாகிவிட்டது. முன்னர் நூல்களிலிருந்து படியெடுத்தனர். பின்னர் இணையத்திலிருந்து எடுத்தனர். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் ஓர் இயலையே எழுதித் தந்துவிடுகின்றன. இதனைக் கண்டு அஞ்சுவதைவிட நம் மதிப்பீட்டு முறையை மாற்றிக்கொள்வதே தக்கது. கடாரம் முதல் கங்காணி வரையிலான இயலை எப்பொறியும் எழுதும். மூன்றாம் வகுப்பில் நின்றுபோன படிப்பைப் பாட்டியிடம் கேட்டறிவதற்கு ஒரு பேத்தி வேண்டும்.

முடிவுரை

புக்கிட் பெலண்டோக் இன்று பெரிதும் மாறிவிட்டது. பன்றிப் பண்ணைகள் மறைந்தன. நோயின் நினைவாகச் சுங்கை நிப்பாவில் சிறியதோர் அருங்காட்சியகம் உண்டு. அவ்வட்டாரத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பணிசெய்கின்றனர். லயங்கள் பல காலியாகிவிட்டன. அங்கு வாழ்ந்த தமிழர் சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் குடியேறிவிட்டனர். தோட்ட அலுவலகம் மூடப்படும்போது செக்ரோல் புத்தகங்கள் பழைய காகிதமாகின்றன. போருக்கு முன் பிறந்த தலைமுறையிலோ மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

இந்நிலையில் ஒரு மாணவர் எழுதும் ஆய்வேடு பட்டம் பெறுவதற்கான தேவையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பல தோட்டங்களைப் பொறுத்தவரை, அவற்றினுள் வாழ்ந்தவர்களின் சொற்கொண்டு எழுதப்படும் முதல் ஏடும் இறுதி ஏடும் அதுவாகவே இருக்கக்கூடும். அதில் நாற்பது பக்கங்களைப் படியெடுத்தலில் செலவிட்டால், அந்நாற்பது பக்கங்களில் இடம்பெற்றிருக்கவேண்டிய குரல்கள் இனி எங்கும் இடம்பெறப்போவதில்லை.

தமிழ்த் தொழிலாளரின் சோற்றுத் தட்டிலிருந்து ஒரு மருத்துவர் வினா எழுப்பினார். புக்கிட் பெலண்டோக்கின் பன்றிக் கொட்டகைகளிலிருந்து மற்றொருவர் வினா எழுப்பினார். அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நம் மாணவர்களிடம் வினாக்கள் இல்லாமல் இல்லை. அவ்வினாக்களுக்கு மதிப்பெண் உண்டு என்று சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.